ரப்பர் காய் வெடிக்கும் மாதங்கள்

விதை உதிரும் மாதங்களில் அம்மா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். மூத்த மகளைப் பறிகொடுத்த மாதங்கள் அவை. அந்தத் துயரம்தான் ஆண்டுதோறும் திரும்பி வருகிறது என்று எங்கள் வீட்டில் நம்பினோம். மூத்தவள் ஜப்பான்காரர்கள் ஆண்ட போர்க்காலத்தில், அம்மாவும் அப்பாவும் அப்போது வேலை செய்த ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில், காய்ச்சலில் இறந்தாள் என்றும் நம்பினோம். இதில் முதல் நம்பிக்கை பாதி சரி. இரண்டாவது பொய் என்பது அம்மா ஒருத்திக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

எங்கள் வீடு சாங்கிச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் சந்தின் கடைசியில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. ஒரு காலத்தில் சிறிய ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம் அது. நிலத்துக்குச் சொந்தக்காரரான தவுக்கே, அதாவது சீன முதலாளி, மரங்களை வெட்டி வாடகை வீடுகள் கட்டியபோது, எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தார். பால் வெட்டிய தழும்புகள் ஆள் உயரத்துக்கு மேலும் ஏறியிருந்த அந்தக் கிழ மரத்தின் பாதிக் கிளைகள் எங்கள் சமையலறைக் கூரையின்மீது கவிந்திருந்தன. அதை வெட்டிவிடும்படி அம்மா அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா ஒருமுறை போய்க் கேட்டார். "மரம் உன்ன என்னா செஞ்சிச்சு?" என்று தவுக்கே சந்தைத் தமிழில் திருப்பிக் கேட்டாராம். அப்பா திரும்பி வந்துவிட்டார்.

பாடப்புத்தகத்தில் வந்த இலையுதிர்காலம் எங்கோ ஒரு குளிர்தேசத்துக்கு உரியது. ஏறத்தாழ அதே மாதங்களில், ஆகஸ்டு முடிவிலிருந்து தீபாவளிக்குச் சற்று முன்புவரை, எங்கள் மரம் விதை உதிர்த்தது. ரப்பர் காய்க்கு மூன்று அறைகள். அறைக்கு ஒரு விதை. நன்றாக முற்றிய காய் நண்பகல் வெயிலில் தானாக வெடிக்கும். முதலில் காய்ந்த கழி ஒன்று முறிவதுபோன்ற ஓசை. பிறகு ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு தகரத்தின்மேல் விதைகள் விழுந்து உருளும். அந்த இடைக்கணத்தில் அம்மாவின் கை எந்த வேலையில் இருந்தாலும் நின்றுவிடும். கடைசி விதை கூரை விளிம்பிலிருந்து மண்ணில் விழுந்த பிறகே அது மறுபடி அசையும்.

காலையிலும் மாலையிலும் அவள் பின்கட்டைப் பெருக்குவாள். இலைகளை விட்டுவிட்டாலும் விதை ஒன்றைக்கூட விடமாட்டாள். குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டு, சாக்கடைக்கு அப்பால் கொண்டுபோய்க் கொளுத்துவாள். ஏன் என்று கேட்டால் ஆண்டுக்கு ஒரு காரணம் சொன்னாள். ஒரு வருடம், கொட்டை கிடந்தால் அதன் அடியில் பூரான் அடையும் என்றாள். மறு வருடம், தொட்டால் கை அழுகிவிடும் என்றாள். அதற்கடுத்த வருடம், ரப்பர் கொட்டையை வீட்டுக்குள் கொண்டுவந்தால் குடும்பத்தில் சண்டை மூளும் என்றாள்.

பள்ளியில் எல்லாப் பிள்ளைகளின் சட்டைப்பையிலும் ரப்பர் கொட்டை இருந்தது. சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, அடுத்தவள் கையில் வைத்துச் சூடு போடுவோம். என் கை அழுகவில்லை. பூரான் எதுவும் வரவில்லை. எங்கள் வீட்டில் சண்டையும் வழக்கமான அளவுக்கு மேல் மூளவில்லை. ஆகவே, அந்த விதைகளைப் பற்றி அம்மா சொல்வதெல்லாம் எழுத்தறியாத தோட்டத்துப் பெண்ணின் மூடநம்பிக்கை என்று பத்து வயதிலேயே முடிவுகட்டிவிட்டேன். உண்மையான காரணத்தைச் சொன்னால், அது அவளுக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதை மறைக்கத்தான் அவள் பொய்யான காரணங்களைச் சொன்னாள் என்று எண்ணிப்பார்க்கும் பக்குவம் எனக்கு அப்போது இல்லை.

விதைக்காலம் ஓயும் வேளையில், தீபாவளிச் சாமான் வாங்க நாங்கள் பேருந்தேறிச் சிராங்கூன் ரோட்டுக்குப் போவோம். அம்மா மறக்காமல் மூன்று ஜோடிக் கண்ணாடி வளையல் வாங்குவாள். ஒன்று எனக்கு, ஒன்று என்னைவிட ஒன்பது வயது இளைய தங்கைக்கு. மூன்றாவது ஜோடி எப்போதும் நான்கு வயதுக் குழந்தையின் கைக்கு உரிய அளவில் இருக்கும். அதைக் கோயில் வாசலில் எதிர்ப்படும் ஏதாவது ஒரு சிறுமியின் கையில் போட்டுவிடுவாள். "ரெண்டு பொண்ணுக்கு மூணு செட்டா? கடைக்காரன் உன்னப் பாத்தா சிரிக்கிறான் பாரு" என்று அப்பா கேலி செய்வார். அவர் ஜப்பான்காரர்களால் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, போர் முடிந்து திரும்பி வந்தவர். அவர் இல்லாதபோது இறந்த மகளைப் பற்றி அவர் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் அவளுக்கு இருந்த பெயர் 'பெரியவ' என்பதுதான்.

அறுபத்து நான்காம் ஆண்டு, விதைக்காலத்தின் தொடக்கத்தில், நகரில் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே இரண்டாம் முறையாகக் கலவரம் மூண்டது. ஊரடங்கு போட்டார்கள். சாங்கி விமானப்படை முகாமில் சமையல்காரராக இருந்த அப்பா அங்கேயே மாட்டிக்கொண்டார். அடுத்த வீட்டு மலாய்க் குடும்பம் முதல் நாளே உறவினர் வீட்டுக்குப் போய்விட்டது. போகும்போது அந்த வீட்டு அம்மாள் வேலிக்கு மேலாக எங்களிடம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டு அழுதார். பிறகு அந்தச் சந்தின் கோடியில் நாங்கள் மூவரும் மரமும் மட்டுமே இருந்தோம்.

அந்த நாட்களின் அமைதியை எப்படிச் சொல்வது? சாலையில் பேருந்து இல்லை, சைக்கிள் மணி இல்லை, ரொட்டிக்காரர் குரல் இல்லை. அந்த அமைதியில் காய் வெடிக்கும்போதெல்லாம் தங்கை மேசைக்கு அடியில் போய் ஒளிந்தாள். எங்கோ துப்பாக்கி சுடுகிறார்கள் என்று எனக்கும் தோன்றும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பேன். "மரம்தான்டி. மரம்தான்" என்பாள் அம்மா. அவள் அந்த மரத்துக்குப் பரிந்து பேசி நான் கேட்டது அந்த வாரத்தில் மட்டும்தான்.

மூன்றாம் நாள் காலை சில மணி நேரம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். வீட்டில் அரிசி கஞ்சி வைக்கும் அளவுக்கே மிஞ்சியிருந்தது. அம்மா பையை எடுத்துக்கொண்டாள்.

"கதவத் தொறக்காத. சின்னவளப் பாத்துக்க. பின்பக்கம் போகாதீங்க."

"போகல."

"புத்தகத்துல தலைய விட்டா ஒனக்கு ஒண்ணும் காதுல விழாது. சொன்னது விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா."

அவள் அன்று பெருக்காமலேயே போனாள். கடையில் வரிசை நீளும் என்ற அவசரம். நான் அறிந்து, அவள் பெருக்காமல் விட்ட ஒரே காலை அதுதான்.

இரவல் வாங்கிய நாவல் ஒன்றின் கடைசி அத்தியாயங்களில் இருந்தேன். தங்கை நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, பசிக்குது."

"கஞ்சி இருக்குல்ல."

"கஞ்சி வேணாம். கடிக்கிற மாதிரி ஏதாச்சும் வேணும்."

"என் கையக் கடி."

"ஒன் கை கசக்கும்."

பலாப்பழம் வாங்கும் நாட்களில் அம்மா கொட்டைகளை அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்டுத் தருவாள். மேல்தோல் கருகி, உள்ளே மாவாக இருக்கும். எங்களுக்கு அதைவிடச் சுவையான தின்பண்டம் இல்லை. பின்கட்டில் அன்று ரப்பர் விதைகள் பொறுக்கப்படாமல், மெருகேற்றியதுபோல் பளபளத்துக் கிடந்தன. நான் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து சாம்பலில் புதைத்தேன். என் புத்தகம் தடையில்லாமல் முடிய வேண்டும் என்பதுதான் என் எண்ணமாக இருந்தது; அவளுடைய பசி எனக்கு இரண்டாம்பட்சம். அறுபது ஆண்டுகளாக இதை மாற்றிச் சொல்லிப் பார்க்க முயன்றிருக்கிறேன். மாற்றிச் சொல்ல முடியவில்லை.

ஓட்டை உடைத்து முதலில் நான் இரண்டு தின்றேன். எண்ணெய்ப் பசை, அடிநாக்கில் லேசான கசப்பு. பலாக்கொட்டை அளவுக்கு இல்லை, ஆனால் மோசமும் இல்லை. மீதியை அவளிடம் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன்.

அம்மா திரும்பியபோது ஊரடங்கு மறுபடி தொடங்கச் சிறிது நேரமே இருந்தது. பையை இறக்கி வைத்தாள், நெற்றியைத் துடைத்தாள், அடுப்பைப் பார்த்தாள். அடுப்புக்கு முன்னால் ஓடுகள் கிடந்தன.

அவள் கத்தவில்லை. மண்டியிட்டு அந்த ஓடுகளைத் தொட்டாள். அவள் முகம் வெளுத்துப்போவதை நான் பார்த்தேன்.

"யாரு தின்னா?"

"பாப்பா பசின்னு அழுதா. நான் சுட்டுத்தான் கொடுத்தேன், பலாக்கொட்டை மாதிரி..."

"எத்தன?"

"தெரியலம்மா."

தங்கை மேசைக்கு அடியில் இருந்தாள். வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஒளிந்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அம்மா இழுத்தெடுத்தபோது அவள் தலை நிற்கவில்லை. "தலை சுத்துதும்மா" என்றாள். வாயோரம் எச்சில் வழிந்தது. அம்மா அவளைக் கவிழ்த்துப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டாள். வெள்ளையாகக் கொஞ்சம் வந்தது. பிறகு வரவில்லை.

"பெரியவளும் இப்படித்தான்" என்றாள் அம்மா. என்னிடம் சொன்ன சொல் அல்ல அது. "இப்படித்தான் மொதல்ல தலை சுத்துதுன்னா."

எனக்குப் புரிந்தது. புரிந்த அந்தக் கணத்திலேயே அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ தின்னியா?"

அவளுக்கு இருந்தவை இரண்டு கைகள். அவற்றில் ஒரு பிள்ளை ஏற்கெனவே துவண்டு கிடந்தது. சாலை கால் மைல் தூரம்.

"இல்ல" என்றேன்.

என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். நம்பினாளா, நம்ப வேண்டியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு சந்தில் ஓடினாள். தூரத்தில் ஊரடங்கு தொடங்குவதை அறிவிக்கும் ஒலிபெருக்கி வண்டி போய்க்கொண்டிருந்தது. நான் சந்தின் பாதிவரை பின்னாலேயே ஓடினேன். "வீட்டுக்குப் போ! கதவச் சாத்து!" என்று அவள் திரும்பிப் பார்க்காமலேயே கத்தினாள். சாலை முனையில் காக்கி நிற வண்டி ஒன்று வந்து நிற்பதைப் பார்த்தேன். ஜப்பான்காரர்கள் காலத்துக்குப் பிறகு அம்மா சீருடைக்காரர் எவர் முன்னாலும் நின்றதில்லை. தபால்காரர் வந்தால்கூட என்னைத்தான் அனுப்புவாள். அவள் கையை வீசிக்கொண்டு அந்த வண்டியை நோக்கி ஓடினாள். பிறகு வண்டியும் இல்லை, அவளும் இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். உச்சிப் பொழுது. மரம் இப்போது விடாமல் வெடிக்கத் தொடங்கியது.

ஒவ்வொரு வெடிப்புக்கும் நடுவில் என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தலை சுற்றுகிறதா? சுற்றுவதுபோல் இருந்தது. பயத்திலும் தலை சுற்றும் என்று எங்கோ படித்திருந்தேன். எது எதனால் என்று பிரித்தறியும் வழியை எந்தப் புத்தகமும் சொல்லியிருக்கவில்லை. அம்மா செய்ததைப்போல் விரலை விட்டுப் பார்த்தேன். கஞ்சி வந்தது. உப்புத் தண்ணீர் குடித்து மறுபடி முயன்றேன். படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றியதால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். காய் வெடிக்கும், ஒரு கணம் ஒன்றுமில்லாமல் இருக்கும், அந்தக் கணத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். விதை கூரையில் விழும். அது உருண்டு மண்ணில் விழும்வரை நான் உயிரோடுதான் இருந்தேன் என்று உறுதி செய்துகொண்டு அடுத்த அடி எடுத்துவைப்பேன். அம்மாவின் கை ஏன் அப்படி நின்றுபோகும் என்று அன்று மதியம் அறிந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் மரம் ஓய்ந்தது. இருட்டியது. விளக்கேற்றினேனா என்பதுகூட நினைவில்லை. கண் விழித்தபோது விடிந்திருந்தது. விழித்தேன் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது.

காலையில் மறுபடி ஊரடங்கு தளர்ந்த நேரத்தில் வாசலுக்கு வெளியே யாரோ நிற்பது தெரிந்தது. பலகை இடுக்கில் பார்த்தேன். அம்மா. தோளில் தங்கை, கண் திறந்தபடி, கட்டை விரலைச் சூப்பிக்கொண்டு. அம்மா படியேறவில்லை. கதவைத் தட்டவுமில்லை. சந்தின் நடுவில் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

பிறகுதான் வந்தாள். வந்து, என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"எத்தன தின்ன?"

"ரெண்டு."

"ஆஸ்பத்திரில வயித்தக் கழுவி, கண்ணு முழிச்சதும் இவ சொல்றா, 'அக்காதான் மொதல்ல தின்னா'ன்னு. வெளிய வர முடியல. வாசல்ல துப்பாக்கி. ராத்திரி முழுக்க நான்..." என்னைப் பிடித்து, இமையை விலக்கிக் கண்ணைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், தலையில் முகம் புதைத்துக்கொண்டாள். நடுவில் மாட்டிய தங்கை, "அம்மா, நசுக்குற" என்றாள்.

அன்று பின்கட்டில் இரண்டு நாள் விதை கிடந்தது. அம்மா பொறுக்கினாள், நானும் பொறுக்கினேன். அவள் தடுக்கவில்லை. நிமிராமலேயே பேசினாள்.

"தோட்டத்துல அப்ப மரவள்ளிக்கிழங்கும் தீந்துபோச்சு. எல்லாரும் இதத்தான் தின்னாங்க. மூணு நாள் ஊற வைக்கணும், தண்ணிய மாத்திக்கிட்டே இருக்கணும், அப்பறம் நல்லா அவிக்கணும். எனக்கும் தெரியும். பெரியவ பசின்னு அழுதா. ஒரு ராத்திரி ஊறுனா போதும்னு நெனச்சேன்."

அவள் இன்னொரு விதையைப் பொறுக்கித் தகரத்தில் போட்டாள்.

"ஒங்கப்பா சயாம்லேர்ந்து எலும்பும் தோலுமா வந்து நின்னாரு. மொத வார்த்தையே 'பெரியவ எங்க'ன்னுதான். காய்ச்சல்னு வாயில வந்துருச்சு. அதையே புடிச்சுக்கிட்டேன்."

"அப்பாகிட்ட இப்பச் சொல்லலாம்ல?"

"எதுக்கு? அவரு மறுபடி ஒருக்கா பறிகொடுக்கவா?" தகரத்தைத் தூக்கிக்கொண்டாள். "சின்னவளுக்கு வயித்துப்போக்கு. அவ்வளவுதான். நீயும் அதையே சொல்லு."

மறுநாள் முகாம் லாரியில் வந்திறங்கிய அப்பாவிடம் அதையே சொன்னேன். போலீஸ்காரரை வழிமறித்த கதையை மட்டும் அம்மா சொல்லிச் சிரித்தாள். "துப்பாக்கியக் காட்டி நில்லுன்னான். நான் புள்ளைய அவன் கையிலேயே திணிச்சுட்டேன். பாவம், துப்பாக்கியப் புடிக்கிறதா, புள்ளையப் புடிக்கிறதான்னு முழிச்சான். ஒரு மலாய்ப் பையன். அவன் தாயி நல்லாருக்கணும்." அப்பா வியந்துபோய், வந்தவரிடமெல்லாம் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இவ்வளவு சிறிய வயிற்றுப்போக்குக்கு இவ்வளவு துணிச்சலா என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்காதது அறியாமையாலா, இரக்கத்தாலா என்று இப்போதும் யோசிப்பதுண்டு.

மரம் அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் எங்கள் தலைக்குமேல் வெடித்தது. அந்த மூன்று ஆண்டுகளும் பொறுக்கும் வேலையை நானும் அம்மாவும் பங்கிட்டுக்கொண்டோம். தங்கைக்கு உண்மைக் காரணத்தைச் சொன்னோம்: இது விஷம், தின்றால் செத்துப்போவாய். அவள் அதன்பின் ஒரு விதையைக்கூடத் தொடவில்லை. இவ்வளவு எளிதாக இருந்திருக்கிறது. பிறகு நிலம் கைமாறியது. அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். அங்கே கூரைக்கு மேலே இன்னொருவர் வீடு இருந்தது. விதைக்காலம் வந்தால் அம்மா அங்கேயும் நண்பகலில் சற்று நின்று, மேலே பார்ப்பாள்.

அப்பா காய்ச்சல் என்றே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அம்மா அவருக்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் இருந்தாள். மூன்றாவது ஜோடி வளையல் வாங்குவதைக் கடைசிவரை விடவில்லை. இறுதி ஆண்டுகளில் நான் கையைப் பிடித்துச் சிராங்கூன் ரோட்டுக்கு அழைத்துப்போனேன். அளவு சொல்ல வேண்டிய இடத்தில் அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டுவாள். அந்த அளவு மாறவே இல்லை.

சென்ற ஆண்டுதான் தங்கையிடம் முழுவதையும் சொன்னேன். அவளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பெரியக்காவோட பேரு என்னக்கா?"

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை. தெரிந்தவர்கள் இருவரும் போய்விட்டார்கள். தீபாவளிக்கு முன்னால் நாங்கள் இருவரும் போய் மூன்று ஜோடி வளையல் வாங்கினோம். அளவை நான் விரலை வளைத்துக் காட்டினேன்.

மூவரில் நடுவில் பிறந்தவளும் கடைசியில் பிறந்தவளும் இருக்கிறோம்.